தாவர உண்ணி என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டுக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். புதிய சொற்களைப் பிரித்துப் பார்த்துப் பொருள் காணும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு உண்டாக்க விரும்பி, அறிவியல் பாடத்தின் 'தாவர உண்ணி' என்னும் சொல்லில் தொடங்கினேன். மாடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன், "செடியில ஒட்டிக்கிட்டு இருக்கிற உண்ணி, மிஸ்" என்றான். பிரித்துப் பார்ப்பது பிள்ளைகளைத் தவறான பொருளுக்குக் கொண்டுபோகிறதோ என்று தயங்குகிறேன். பகுபத உறுப்பிலக்கணம் படிக்கும் வயது வரும்வரை காத்திருப்பதுதான் நல்லதா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

காத்திருக்க வேண்டாம். அந்தப் பையனின் விடை தவறு. ஆனால் விடையைத் தேடிய முறை மிகச் சரியானது. தெரியாத சொல்லுக்குள் தனக்குத் தெரிந்த பகுதியைக் கண்டு, அதை வைத்து முழுப்பொருளை ஊகித்திருக்கிறான். மாட்டின் தோலில் ஒட்டியிருப்பதற்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இரத்தத்தை உண்பதால் அது உண்ணி. 'உண்' என்னும் வினையோடு 'இ' சேர்ந்து, உண்பது என்று பொருள்படுகிறது. இதை விளக்கிவிட்டால் தொழுவத்தில் கற்ற அந்தச் சொல்லைக் கொண்டே ஊன் உண்ணி, அனைத்துண்ணி ஆகியவற்றையும் வகுப்பு புரிந்துகொள்ளும். பிறகு தொலைநோக்கி, ஒலிபெருக்கி, மின்கடத்தி என்று வரும்போது, நோக்குவது, பெருக்குவது, கடத்துவது என்று பிள்ளைகளே சொல்லத் தொடங்குவார்கள்.

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூலின் பதவியல் கூறும் ஆறு உறுப்புகளின் பெயர்கள் பத்து வயதில் தேவையில்லை. பெயரை மனப்பாடம் செய்யவைத்துப் பொருளைக் கைவிடுவதுதான் நம் இலக்கண வகுப்புகளின் நெடுநாள் குறை என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் உண்மையான தடை புணர்ச்சிதான். சொற்கள் சேரும் இடத்தில் எழுத்து தோன்றுவதாலும் திரிவதாலும், தெரிந்த பகுதிகூடச் சிறுவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே தாவர உண்ணி போலப் பகுதிகள் வெளிப்படையாக நிற்கும் சொற்களை முதலில் எடுத்துக்கொண்டு, பின்னர் உங்கள் மாவட்டத்தின் வழியாகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு வாருங்கள். நெடுஞ்சாலை, நெடுங்காலம், நெடுந்தொலைவு என்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி உரக்கப் படிக்கச் சொன்னால், 'நெடு' மாறாமல் நிற்பதையும், அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப ஞ், ங், ந் மாறி வருவதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். விதியை நீங்கள் சொல்ல வேண்டியிராது.

ஊர்ப்பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி, சூளகிரி இரண்டிலும் மலையைக் குறிக்கும் 'கிரி' இருக்கிறது. மாரண்டஅள்ளியில் உள்ள 'அள்ளி', கிராமத்தைக் குறிக்கும் கன்னட 'ஹள்ளி'. வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அதை மற்றவர்களுக்கு விளக்கும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள். தமிழ்ச் சொற்களின் முன் ஒடுங்கியிருக்கும் குழந்தைக்கு அது பெரிய துணிவைத் தரும்.

உங்கள் ஐயத்தில் நியாயமும் இருக்கிறது. 'வண்டி'யை வண்டு, இ என்று பிரிக்க முடியாது. 'தோழி'யில் உள்ள 'இ' பெண்பாலைக் காட்டுகிறதே தவிர, செய்வதைக் காட்டவில்லை. எனவே பிரித்துக் கண்ட பொருளை ஊகமாகவே வைத்துக்கொண்டு, சொல் வந்த வாக்கியத்தில் அது பொருந்துகிறதா என்று பார்க்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். "ஆடு ஒரு தாவர உண்ணி" என்ற வாக்கியத்தை அந்தப் பையன் படித்திருந்தால், ஆடு செடியில் ஒட்டியிருக்க முடியாது என்று தானே திருத்திக்கொண்டிருப்பான்.

தேர்வில் 'பிரித்து எழுதுக' என்று கேட்பதைவிட, அதே பகுதி வரும் வேறொரு சொல்லைச் சொல்லி வாக்கியத்தில் அமைக்கக் கேளுங்கள். குழந்தைக்கு உண்மையில் விளங்கியதா என்பது அந்த விடையில் தெரிந்துவிடும்.