பிள்ளை வருமுன் கைவேலை: கேள்வி பதில்

மனையியலும் தையலும் பல வருடங்கள் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மூன்று பிள்ளைகளின் தாய். பிள்ளைக்காகக் காத்திருக்கும் காலத்தில் வீட்டில் செய்யக்கூடிய கைவேலைகளைப் பற்றி யாழ்ப்பாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கொக்குவில்): எனக்கு இப்போது 5 மாதம், கார்த்திகைக் கடைசியில் பிள்ளை பிறக்கும். வேலைக்கும் போகிறேன். வாரம் ஒரு கைவேலை என்று தொடங்கினேன். ஒட்டுத்துணிப் போர்வையும் குறோசே மேற்சட்டையும் பாதியில் கிடக்கின்றன. ஒழுங்காகச் செய்ய வழி என்ன, ரீச்சர்?

பதில்: மகள், நீங்கள் தொடங்கிய இரண்டும் மாதக்கணக்கில் இழுக்கும் வேலைகள். வேலைக்குப் போய்வந்து, வயிற்றுப் பாரத்தோடு இருப்பவருக்கு, ஒரு தடவை உட்கார்ந்தால் முடிந்து எழும்பக்கூடிய வேலைதான் வாரந்தோறும் நடக்கும். ஆகவே துணி நப்பியிலிருந்து தொடங்குங்கள். நன்றாகத் துவைத்துப் பழகிய எட்டு முழப் பருத்தி வேட்டி ஒன்று ஏறக்குறைய 3.6 மீற்றர் நீளமும் 1.2 மீற்றருக்குச் சற்று மேலான அகலமும் உடையது. இரு கரைகளையும் வெட்டி நீக்கிவிட்டு 60 சென்ரிமீற்றர்ச் சதுரங்களாக வெட்டினால் ஒரு வேட்டியில் 12 துண்டுகள் கிடைக்கும். இரண்டு வேட்டிகளை எடுத்து, சனிக்கிழமைக்கு மூன்று துண்டுகள் வீதம் ஓரம் மடித்துத் தைத்தால், எட்டுச் சனிக்கிழமைகளில் 24 நப்பி சேர்ந்துவிடும்.

உங்கள் பிள்ளை மாரி மழைக்குள் பிறக்கிறது. முதல் வாரங்களில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது துணி மாற்ற வேண்டிவரும். விறாந்தைக் கொடியில் போட்டது இரண்டு நாளாகியும் காயாமல் ஈரம் மணக்கும். அந்த நாட்களில் 24 துணிகளும் போதாமல்கூட இருக்கலாம். ஓரம் மடிக்கும்போது துணியை இரு தடவை மடித்து, வெட்டிய நூல்முனை முழுவதும் உள்ளே மறையும்படி தையுங்கள். தைத்து முடிந்ததும் சுட்டுவிரலின் பக்கத்தால் தையலை மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரலுக்கு முரடாகத் தெரியும் இடம் பிள்ளையின் தொடையைச் சிவக்க வைக்கும். 36 ஆவது வாரத்துக்குள் எல்லாம் முடியுமாறு கணக்கிடுங்கள், ஏனெனில் அதற்குப் பிறகு எந்த நாளும் ஆசுபத்திரிக்குப் போக நேரலாம்.

கேள்வி (மானிப்பாய்): பிறக்க முன்னர் பிள்ளைக்கென்று எதுவும் சேர்த்து வைக்கக் கூடாது என்று அப்பம்மா கவலைப்படுகிறார். எனக்கோ தைக்க ஆசை. அவர் மனம் நோகாமல் எப்படிச் செய்வது?

பதில்: இதை மூடநம்பிக்கை என்று சொல்லி அவரோடு வாதிடாதீர்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள், பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய் வெறுங்கையோடு திரும்பி வந்ததையும், அவள் வருவதற்கு முன் ஒருவர் ஓடிப்போய்ச் சின்னச் சட்டைகளை அலுமாரியிலிருந்து எடுத்து ஒளித்ததையும் கண்ணால் கண்டவர்கள். அந்த வேதனையைத் தடுக்கவே இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் நம்புகிறேன். அதற்குள்ளேயே உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் முதலில் சுற்றுவது என்பதும் அதே அப்பம்மாக்களின் வழக்கம்தான். பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சிப்பசை போய் நூல் மெதுவாகியிருக்கும் என்பதால் அது மிகச் சரியானதும்கூட. அவருடைய பழைய நூற்சேலை ஒன்றைத் தரும்படி கேளுங்கள். வெட்டும்போது பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். பாலூட்டுவதற்கு வசதியாக முன்புறம் திறக்கும் இரவுச் சட்டை போன்றவை தாய்க்குரியவை. அவற்றுக்குத் தடை எதுவும் இராது. புதுச்சட்டையை 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்குத் தைக்கலாம்.

கேள்வி (சுன்னாகம்): மனைவிக்கு 7 மாதம். எங்கள் பரம்பரைத் தொட்டிலைச் சுரண்டி, புதுப் பெயின்ற் அடித்து, அறைக்கும் நிறம் பூச நினைக்கிறேன். கவனிக்க வேண்டியவை எவை?

பதில்: தம்பி, அந்தத் தொட்டிலைச் சுரண்ட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். பெயின்றில் கலக்கும் ஈயத்துக்கு இலங்கையில் சட்டப்படியான வரம்பு 2013 ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. பரம்பரைத் தொட்டிலில் பூசியிருப்பது அதற்கு மிக முந்திய எனாமலாகவே இருக்கும். மண்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்பும் தூசு தாயின் மூச்சோடு போய், இரத்தத்தின் வழியே வயிற்றுப் பிள்ளையையும் அடையும். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. பிறந்த பிறகும் பிள்ளை தொட்டில் விளிம்பைச் சப்பும், கடிக்கும். தொட்டிலை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு, பெயின்ற் பூசாத வேறு ஒன்றைத் தச்சரிடம் செய்வியுங்கள். கம்பிகளுக்கிடையே 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிள்ளையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். மெத்தை இறுக்கமானதாகவும் தொட்டில் விளிம்போடு ஒட்டியும் இருக்க வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணையும் பொம்மையும் அழகுக்கு வைக்கும் பஞ்சுச் சுற்றும் முதலாம் வருடத்தில் வேண்டாம். பிள்ளையை முதுகு கீழே இருக்கும்படி நிமிர்த்திப் படுக்கவிடுங்கள். சேலையில் கட்டும் ஏணை நம் வீடுகளின் சொத்து, நானும் மூன்று பிள்ளைகளையும் அதில் ஆட்டினேன். ஆனாலும் அதில் பிள்ளையின் உடல் வளைந்து நாடி (முகவாய்) நெஞ்சில் முட்டும் என்பதால், விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அது உகந்தது.

சுவருக்குத் தண்ணீரில் கரையும் எமல்ஷன் பூசலாம். மனைவி அந்நாட்களில் தாய்வீட்டில் இருக்கட்டும். மணம் முழுவதும் போகும்வரை யன்னல்களைத் திறந்து விடுங்கள். என்னைக் கேட்டால், நிறத்தைவிட யன்னல் வலைதான் முதலில் செய்ய வேண்டிய வேலை. மரச்சட்டம் நான்கு, நுளம்பு வலை, சின்ன ஆணி. இரண்டு பின்னேரங்களில் ஒரு யன்னல் முடிந்துவிடும். மாரியில் டெங்கு பெருகும் ஊர் இது. அந்த நுளம்போ பகலில் கடிப்பது.

கேள்வி (பருத்தித்துறை): குறோசேயில் முயல் பொம்மை பின்னுகிறேன். கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். என் மூத்த மகனுக்கு நானே தைத்த நாய்க்குட்டிக்குக் கறுப்புப் பொத்தானைக் கண்ணாக வைத்திருந்தேன். இறுக்கித் தைத்தேன் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பாயில் ஒற்றைக் கண்ணோடு நாய்க்குட்டி கிடந்தது. மற்றது அவன் கன்னத்துக்குள் இருந்தது. விரலால் தோண்டி எடுத்தபோது என் கை நடுங்கிய நடுக்கம் இன்றும் நினைவிருக்கிறது. கண்ணையும் மூக்கையும் நூலாலேயே பூவேலை போலத் தைத்துவிடுங்கள். பின்னலை நெருக்கமாகப் போடுங்கள். இடைவெளி பெரிதானால் பிஞ்சு விரல் மாட்டும்.

கேள்வி (நல்லூர்): 8 மாதம். தைக்கும்போது கால் வீங்குகிறது, இரவில் விரல்கள் விறைக்கின்றன. தொடரலாமா?

பதில்: மணிக்கட்டில் நீர் கட்டி நரம்பை அழுத்துவதால் இந்த மாதங்களில் பலருக்கு விரல் விறைப்பதுண்டு. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள். சிறு கத்தரிக்கோல் வேலையையும் இறுக்கிப் பிடிக்கும் ஊசி வேலையையும் நிறுத்துங்கள். வீக்கத்தோடு கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலும், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): பிள்ளையின் சாமான்கள் வைக்கப் பனையோலைப் பெட்டி இழைக்கலாமா?

பதில்: தாராளமாக. குருத்தோலையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ளுங்கள். இழைக்குமுன் ஓலையில் சற்றே தண்ணீர் தெளித்தால் வெடிக்காமல் வளைந்து கொடுக்கும். விளிம்பில் நீட்டி நிற்கும் முனைகளை உள்ளே செருகி, அதன் மேல் துணிப்பட்டி ஒன்றைத் தைத்துவிடுங்கள். சாயம் போட்ட ஓலை ஈரம் பட்டால் நிறம் இறக்கும். இதற்கு வெள்ளோலையே நல்லது. மாரியில் பூஞ்சணம் பிடிக்காதபடி வெயில் எறிக்கும் நாளெல்லாம் முற்றத்தில் வையுங்கள்.

கேள்வி (உடுவில்): பூங்கன்று நடலாமா?

பதில்: கையுறை போட்டு நடுங்கள். பூனை எச்சமிட்ட மண்ணிலிருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் தொற்று வரலாம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி (கோண்டாவில்): இன்னும் இரண்டு கிழமைதான். போர்வை பாதியில் நிற்கிறது. இரவிரவாக இருந்து முடிக்கட்டுமா?

பதில்: வேண்டாம், மகள். நித்திரை கொள்ளுங்கள். போர்வையை வெட்டிய துண்டுகளோடு சேர்த்து ஒரு பழைய தலையணை உறையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பிள்ளை தவழும் காலத்தில் எடுத்து முடிக்கலாம். அதைக் கட்டி வைக்கும் முன் குண்டூசிகளையும் தையலூசிகளையும் எண்ணி ரின்னுக்குள் போட்டு மூடுங்கள். ஒன்று குறைந்தால், காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பாய் மீதும் கட்டிலின் கீழும் இழுத்துத் தேடுங்கள். அது கிடைக்கும்வரை அந்த அறையில் பாய் விரிக்க வேண்டாம்.