லீவு முடிந்து திரும்பினால் தலைவலி: தாத்தா சொன்னது உண்மையா?

இரண்டாம் உலகப் போரின்போது அம்பாசமுத்திரத்திலிருந்து நீலகிரியின் அருவங்காடு வெடிமருந்து ஆலைக்கு வேலைக்குப் போன உங்கள் தாத்தா, ஊரில் லீவு கழித்துத் திரும்பும்போதெல்லாம் மண்டையைப் பிளக்கும் தலைவலி என்பாராம். நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நம்பலாம். 1903-ல் நிறுவப்பட்ட அந்த ஆலையில் தயாரானது கார்டைட், அதாவது தோட்டாவை உந்தித் தள்ளும் மருந்து. அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சையும் நைட்ரோகிளிசரின் என்ற வெடிக்கும் திரவத்தையும் அசிட்டோன் என்ற கரைப்பான் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் போலப் பிழிந்தெடுப்பார்கள். நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவே உடம்பில் ஏறி ரத்தக்குழாய்களை விரிக்கும். தலை விண்விண்ணென்று தெறிக்கும். சில நாளில் உடம்பு பழகிவிடும். லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். அப்புறம் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து வலி. பாவம், சம்பளத்தோடு இதையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

வீட்டுப் பெரியவர்களிடம் அவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்று கேட்டு, இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.