நாட்டுச் சின்னங்களில் ஒலிவக் கிளை ஏன் அமைதியைக் குறிக்கிறது?

அமெரிக்க முத்திரையில் கழுகு பற்றியிருக்கும் கிளை எது, அது எப்படி அமைதிக்கு அடையாளமாயிற்று என்று வேலூர் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது ஒலிவக் கிளை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சைத்தூன் எண்ணெய் என்று வழங்குவது அம்மரத்துக் காயிலிருந்து எடுப்பதுதான்.

ஒலிவம் நட்டவுடன் பலன் தராது. பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பண்டைக் கிரேக்கத்தில் படையெடுத்து வருவோர் பகைவரின் தோப்புகளை அழிப்பதுண்டு என்பதால், மரங்கள் காய்த்து நிற்பதே அவ்வூரில் நெடுநாள் போர் இல்லை என்பதற்குச் சான்றாகியிருக்கும் என்பது என் கருத்து. விவிலியத்தில் நோவாவிடம் புறா கொண்டுவந்த ஒலிவ இலையோ வெள்ளம் வடிந்த செய்தியையே சொன்னது. அமைதி என்னும் பொருள் அதன்மேல் பின்னர் ஏறியது.

1782இல் ஏற்கப்பட்ட அமெரிக்க முத்திரையில் கழுகு வலக்காலில் கிளையையும் இடக்காலில் 13 அம்புகளையும் பற்றியிருப்பதால், அதை வெறும் சமாதானப் படம் என்று கொள்ள முடியாது. அதிபருக்குரிய தனி முத்திரையில் அம்புகளை நோக்கியிருந்த கழுகின் தலை, 1945இல் ட்ரூமன் ஆட்சியில்தான் கிளையின் பக்கம் திருப்பப்பட்டது. சைப்ரஸ் நாடு 1960இல் தன் கொடியில் தீவின் வரைபடத்துக்குக் கீழே இரண்டு கிளைகளை வைத்து, கிரேக்க, துருக்கியச் சமூகங்களின் இணக்கத்தைக் குறித்தது. ஆனால் 1974இல் அத்தீவே இரண்டாகப் பிளவுபட்டது, கொடியில் கிளைகள் இன்றும் இருக்கின்றன.