ரிட்டயர் ஆகியும் பரபரப்பு போகவில்லையா? கீரை ஆய்வதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று வில்லாபுரத்தில் இருக்கிறேன். வேலை போச்சு, அவசரம் போகலை. புத்தரைப் பற்றிப் படித்து தினமும் தியானம் செய்யப் பார்க்கிறேன், பத்து நிமிஷத்தில் முழங்கால் வலிக்கிறது. கறி சாப்பிடுவதை விடணுமா? மனைவி வாராவாரம் மீனாட்சி கோயிலுக்குப் போகிறவர், நானும் கூடப் போகலாமா?

பதில்: முதலில் தரையை விட்டு எழுந்து நாற்காலியில் உட்காருங்கள் சார். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும், சம்மணம் போட்டால்தான் தியானம் என்று எந்தச் சட்டமும் இல்லை. சதிபட்டான சுத்தத்தில் (விழிப்போடு இருப்பதைப் பற்றிய புத்தரின் உரை; பாலி மொழியில் 'சுத்தம்' என்றால் உரை) மூச்சைக் கவனிப்பதோடு நடப்பது, நிற்பது, படுப்பது, மெல்லுவது, துணி உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது வரை எல்லாவற்றையும் அறிந்து செய் என்றுதான் இருக்கிறது.

அதனால் காலையில் ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். கீரை ஆய்வது நல்ல வேலை. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, கட்டைப் பிரித்து, பூச்சி அரித்த இலையை ஒதுக்கி, தண்டைக் கிள்ளும்போது நகத்தில் படுகிற ஈரம் வரை கவனியுங்கள். ரெண்டாவது நிமிஷமே மனசு பென்ஷன் அரியருக்கோ சம்பந்தி பேசின பேச்சுக்கோ ஓடியிருக்கும். ஓடிவிட்டது என்று தெரிந்ததும் திரும்பக் கீரைக்கு வாங்க, அவ்வளவுதான் பயிற்சி. மனசு ஓடியதற்காக உங்களையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது இன்னொரு ஓட்டம். சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போதும் இதேதான்: எத்தனை ரவுண்டு என்ற கணக்கை விட்டுவிட்டு, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள்.

கீரையைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு உங்களுக்குக் கிடைத்தது, உங்கள் வீட்டம்மாவுக்கு யாரும் ரிட்டயர்மெண்ட் ஆர்டர் கொடுக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடி அமைதி தேடுகிற நேரத்தில் அவர் குக்கருக்கும் காய்கறி வண்டிக்கும் நடுவில் அல்லாடினால் அதில் என்ன பௌத்தம் இருக்கிறது? இல்லறத்தாருக்கென்றே புத்தர் சொன்ன சிகாலோவாத சுத்தத்தில் மனைவிக்குக் கணவன் செய்யவேண்டியவை ஐந்து: மதிப்பது, இழிவாகப் பேசாதிருப்பது, துரோகம் செய்யாதிருப்பது, வீட்டு அதிகாரத்தை ஒப்படைப்பது, நகை வாங்கித் தருவது. (கடைசியை வீட்டில் வாசித்துக் காட்டுவது உங்கள் விருப்பம்.)

கோயிலுக்குத் தாராளமாகக் கூடப் போங்கள். மணிமேகலை அப்பட்டமான பௌத்தக் காப்பியம், அதிலேயே ஆபுத்திரன் என்கிற பாத்திரத்துக்கு, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைப்பது நம் மதுரையில், சிந்தாதேவி கோயிலில், அந்தத் தெய்வத்தின் கையால்தான். ஆனால் 1956-ல் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது கொடுத்த 22 உறுதிமொழிகளை ஏற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. இந்து தெய்வங்களை வணங்கமாட்டேன் என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. அது பெரிய முடிவு, அவசரத்தில் எடுக்காதீர்கள்.

கறி விஷயம் சுருக்கமாக. பௌத்தர்கள் கடைப்பிடிக்கும் ஒழுக்க விதிகளைச் சீலம் என்பார்கள்; முதல் சீலம் உயிரைக் கொல்லாமை. தனக்காகக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேட்காத, சந்தேகப்படாத இறைச்சியைப் பிக்குகளே (துறவிகளே) வாங்கிக்கொள்ளலாம் என்று பாலி மொழி பௌத்த நூல்கள் சொல்கின்றன, மகாயானம் என்கிற பௌத்தப் பிரிவில் பல மரபுகள் சுத்த சைவம். ஞாயிற்றுக்கிழமை மட்டனை நிறுத்துவதற்கு முன்னால் நாலாவது சீலத்தை, அதாவது பொய் பேசாமையை, ஒரு வாரம் கடைப்பிடித்துப் பாருங்கள், அதுதான் கஷ்டம். பௌர்ணமி அன்று எட்டு சீலம் எடுப்பவர்கள் மதியத்துக்கு மேல் சாப்பிடமாட்டார்கள்; சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் அதில் இறங்கவேண்டாம்.

சில மாதம் இப்படிப் பழகிய பிறகு முறையாகக் கற்க ஆசை வந்தால் திண்டுக்கல் பக்கம் செட்டியபட்டியில் தம்ம மதுரா என்கிற விபாசனா தியான மையம் இருக்கிறது. பத்து நாள், கட்டணம் கிடையாது, காலை 4 மணிக்கு எழுப்பிவிடுவார்கள், பேச்சு கூடாது. விண்ணப்பத்திலேயே முழங்கால் வலியை எழுதி நாற்காலி கேளுங்கள். போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் கேஸ் புக்கிங், கரண்ட் பில் எல்லாம் எந்த நம்பரில் இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.