சிகரெட் கம்பெனி ஷேர் வேண்டாமாம் என் மகளுக்கு!

என் மகளுக்கு 24 வயது, வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் கட்டும் முதலீடு) போடுகிறாள், அதுவும் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பார்த்துக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுக்கும் இ.எஸ்.ஜி. ஃபண்டில்தான் போடுவேன் என்று பிடிவாதம். நான் 20 வருஷமாக வைத்திருக்கும் சிகரெட் கம்பெனி ஷேரை அவள் பேருக்கு மாற்றித் தருகிறேன் என்றால், "வேண்டாம்ப்பா" என்கிறாள். டிவிடெண்ட் ஒழுங்காக வருகிற ஷேர்! இந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் ஆச்சு?
- ஓய்வுபெற்ற வாசகர், கத்திவாக்கம்

எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கத்தில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே, ஐயா! 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு சேர்ந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படகு, வலை, அலையாத்திச் செடி எதையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பிசுக்கு போவதற்குள் 26-ம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அப்போது உங்கள் மகள் கல்லூரியில் இருந்திருப்பாள், 2015 வெள்ளத்தின்போது பள்ளிக்கூடத்தில். அப்படி வளர்ந்த பெண் சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் 'என் காசு எந்தக் கம்பெனிக்குப் போகிறது' என்று பார்க்கத்தானே செய்வாள்?

அதற்காக எல்லாம் மனசாட்சிதான் என்று சொல்ல மாட்டேன். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் போடுகிறார், ஃபோனில் நாலு தட்டுத் தட்டினால் 500 ரூபாயில்கூட ஆரம்பித்துவிடலாம், அப்புறம் என்ன? 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் (ஷேர்களை வைத்திருக்கும் கணக்கு) இருந்தன, 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டிவிட்டது. இங்கே இ.எஸ்.ஜி. ஃபண்டுகள் பலவும் அந்த 2020-ஐ ஒட்டித்தான் வரிசையாக வந்தன. லாபக் கணக்கும் உண்டு. அவள் ஓய்வுபெற இன்னும் 35 வருஷம் இருக்கிறது, அதுவரை நிலக்கரியை நம்பியிருக்கிற கம்பெனி தாக்குப்பிடிக்குமா என்று கேட்டால் அது கெட்டிக்காரத்தனமான கேள்விதான்.

ஷேர் உங்களிடமே இருக்கட்டும், டிவிடெண்டில் அவளுக்கு ஒரு புடவை எடுத்துக்கொடுங்கள். வாங்கிக்கொள்கிறாளா என்று பார்ப்போம்.

பூமியைக் காப்பாற்றலாம் என்று ஆசையாக இ.எஸ்.ஜி. ஃபண்ட் வாங்கினேன். உள்ளே பார்த்தால் வங்கியும் ஐ.டி. கம்பெனியும்தான்! ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், சேலம்

ஏமாறவில்லை, பெயரை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றுக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண். வங்கிக்கும் மென்பொருள் கம்பெனிக்கும் புகைபோக்கி கிடையாது, அதனால் முதல் பாடத்தில் சுலபமாகப் பாஸாகி முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன (அந்த வங்கி யாருக்குக் கடன் கொடுக்கிறது என்பது வேறு கதை). இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 2023 ஜூலையில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இ.எஸ்.ஜி. ஃபண்டுகளை 6 வகையாகப் பிரித்தது. புகையிலை மாதிரியானவற்றை ஒதுக்குவது ஒரு வகை, ஒவ்வொரு துறையிலும் தேறியவரை மட்டும் எடுப்பது இன்னொன்று, இப்படி. எந்த வகை என்று ஃபண்டின் பெயரிலேயே சொல்லியாக வேண்டும், 80 சதவீதப் பணமாவது அந்த வழியில் போயாக வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். மாதாமாதம் வரும் ஃபேக்ட்ஷீட்டில் (ஃபண்டின் விவரத்தாள்) முதல் பத்துக் கம்பெனிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள், ரெண்டு நிமிஷ வேலை.

ஷேர் மார்க்கெட் என்றாலே பயம். எனக்குப் பசுமையாக ஏதாவது?
- வாசகி, கும்பகோணம்

இருக்கிறது. வங்கிகளில் பசுமை டெபாசிட் உண்டு (நாம் போடும் பணம் சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்குப் போகும்), ஸ்டேட் வங்கி 1,111 நாள், 1,777 நாள், 2,222 நாள் என்று ஃபேன்ஸி நம்பரில் வைத்திருக்கிறது. வட்டி கூடக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மத்திய அரசும் 2023 ஜனவரி முதல் பசுமைப் பத்திரம் வெளியிடுகிறது. அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் கணக்கு வழியாக 10,000 ரூபாயிலிருந்து நாமே நேரடியாக வாங்கலாம்.

சொந்த வீடு என்றால் நான் முதலில் மொட்டை மாடியைத்தான் பார்க்கச் சொல்வேன். 3 கிலோவாட் சோலார் போட்டால் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம், அப்புறம் கரன்ட் பில்லில் மிச்சமாவதுதான் உங்கள் வட்டி. வாடகை வீடா? ஹவுஸ் ஓனரிடம் கேட்டுப் பாருங்கள். மாடியில் வடாம் காயவைக்கவே விடாதவர் என்றால் டெபாசிட்டே போதும்.