மெட்ராஸ் சாப்பர்ஸ் தம்பிக்கு: ஹவில்தார் பதவியும் பொறியியல் பட்டமும்

வணக்கம் தம்பி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து, 24 வயதில் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சாப்பராக (அடிப்படை நிலை வீரராக) இருக்கும் தாங்கள், ஹவில்தாராக (சார்ஜென்ட்டுக்கு நிகரான பதவி) உயர்ந்தபடியே, இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வை எழுதிப் பொறியாளர் ஆகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஏ.எம்.ஐ.இ. பற்றிச் சொல்லிவிடுகிறேன். 31.05.2013 வரை பதிவு செய்தவர்களுக்கே அது வேலைவாய்ப்பில் பி.இ. பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது. ஆகவே இப்போது அதில் பணம் கட்ட வேண்டாம். பதினைந்து ஆண்டு சேவைக்குப் பின் கிடைக்கும் பட்டதாரி இணைச் சான்றையும் நம்பியிருக்காதீர்கள். தொழில்நுட்பத் தகுதி கேட்கும் பணிகளுக்கு அது செல்லாது.

உங்கள் வயதுக்கு உகந்த வழி, வீரர்களை அதிகாரிகளாக்கும் ஏ.சி.சி. (ஆர்மி கேடட் காலேஜ்) நுழைவுதான் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாண்டு சேவை முடித்த, 20 முதல் 27 வயதுக்குட்பட்ட வீரர்கள் கமாண்டிங் ஆபீசர் வழியாக விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலிலும் தேறினால், டேராடூனில் மூன்றாண்டு படித்து ஜே.என்.யூ. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பட்டம் பெற்று, பின்னர் ஐ.எம்.ஏ.வில் (இந்திய ராணுவ அகாடமி) ஓராண்டுப் பயிற்சி முடித்து லெப்டினன்ட் ஆகலாம். அதன்பின் பொறியாளர் படைப்பிரிவு கிடைத்தால், புணே ராணுவப் பொறியியல் கல்லூரியில் பி.டெக். படிக்கவும் வழியுண்டு.

ஹவில்தார் பதவியோ காலியிடம், பணிமூப்பு, மருத்துவத் தகுதி, கேடர் (பதவி உயர்வுக்கான பயிற்சி) தேர்ச்சி ஆகியவற்றைப் பொறுத்தது. எந்தப் பயிற்சி முடித்தாலும் அது பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் சேவை விவரங்களைப் பதியும் யூனிட் உத்தரவு) வெளியாகிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று யூனிட் கிளார்க்கிடம் உடனே பார்த்துக்கொள்ளுங்கள். 27 வயது கடந்துவிட்டால் 28 முதல் 35 வயது வரையுள்ளோருக்கான எஸ்.சி.ஓ. (ஸ்பெஷல் கமிஷன்டு ஆபீசர்) நுழைவு இருக்கிறது; அதுவும் வீரர்கள் அதிகாரியாகும் வழிதான்.