அனிமே டிஸ்க், ஜப்பான் கேம் கார்ட்ரிட்ஜ் எல்லாம் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பது வீண் வேலையா?

தம்பி, எல்லாம் ஓடிடியில் வருகிற காலத்தில் அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) டிஸ்க்கும் கேம் கார்ட்ரிட்ஜும் வாங்கி அடுக்குவது தண்டச் செலவா, வீட்டில் திட்டுகிறார்கள், வேலூர் பக்கம் இருந்துகொண்டு இதையெல்லாம் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வேலூர்தான், சத்துவாச்சாரி. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. (வேலையை எதற்குச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.)

ஓடுகிற பொருளை வாங்கினால் வீண் இல்லை. ஓடாததை வாங்கினால் பரணில் கிடக்கிற பித்தளை அண்டாவைவிட வீண், அண்டாவை எடைக்காவது போடலாம். இதை நான் முதல் டிஸ்க்கிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். 2015 கோடையில் நண்பனின் அக்கா அமெரிக்காவிலிருந்து வந்தார், அங்கே நர்ஸ். அவரிடம் கெஞ்சி 'கௌபாய் பீபாப்' என்ற அனிமே தொடரின் ப்ளூரே (டிவிடிக்கு அடுத்து வந்த டிஸ்க் வகை) செட் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். 26 எபிசோடும் ஒரே பெட்டியில். ப்ளேயர் சென்னையில் வாங்கியது, புதுசு. சோறு கூடச் சாப்பிடாமல் டிஸ்க்கைப் போட்டேன், திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது, இந்தப் பகுதியில் இது ஓடாது என்று. பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நைனா, "இன்னாடா, அவ்ளோ தூரத்துல இருந்து வந்துது, வாயே தொறக்க மாட்டேங்குது" என்றார். இரண்டு வருஷம் அந்தப் பெட்டி ஷோகேஸில் சும்மாவே இருந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் நைனா அதைக் காட்டி அதே வசனத்தைச் சொல்லுவார்.

விஷயம் என்னவென்றால், ப்ளூரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜப்பானும் அமெரிக்காவும் ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. நாம் சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து சி. டிவிடியில் கணக்கே வேறு, அங்கே ஜப்பான் 2, அமெரிக்கா 1, நாம் 5. என் ப்ளேயரின் பின்பக்கம் சி என்று போட்டே இருந்தது, யார் திருப்பிப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் இப்படிப் பூட்டியிருக்காது, சிலது எங்கேயும் ஓடும், ஆனால் அதை வாங்கும் முன் கேட்க வேண்டும், வாங்கிய பின் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு இந்தப் பகுதிப் பூட்டே கிடையாது, அதற்குண்டான ப்ளேயர் இருந்தால் போதும். கையில் காசு இருந்து இன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

இன்னொன்று, ஜப்பானில் வெளியாகும் டிஸ்க் என்றாலே ஒசத்தி என்று நினைக்காதீர்கள். அட்டைப்பெட்டி, ஓவியம், சின்னப் புத்தகம் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படிதான் இருக்கும். ஆனால் டிவி தொடர் என்றால் ஒரு வால்யூமில் இரண்டு மூன்று எபிசோடு, விலை ஏழாயிரம் யென் பக்கம், இங்கிலீஷ் சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது. அமெரிக்கப் பதிப்பில் முழு சீசனும் பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே முடிந்துவிடும். கிப்லி ஸ்டுடியோவின் அனிமே படங்கள் விதிவிலக்கு, அவற்றின் ஜப்பான் ப்ளூரேயிலேயே இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கிறது. நான் ஜப்பான் பதிப்பு வாங்குவது அதற்கு மட்டும்தான்.

கேம்களில் நிலைமை நல்லது. நின்டென்டோவின் கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ், ஸ்விட்ச், சோனியின் பிஎஸ்பி, பிஎஸ் 4 (பிஎஸ் என்றால் ப்ளேஸ்டேஷன்), இவற்றில் ஜப்பான் கேமை நம் மெஷினில் போட்டாலும் ஓடும். பிஎஸ் 3 கேம்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால் பிஎஸ் 4, பிஎஸ் 5 இரண்டிலும் கேம் டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை, அதே மெஷினில் ப்ளூரே படம் போட்டால் பூட்டு உண்டு. ஒரே வாய், சோற்றை விழுங்கும், சப்பாத்தியைத் துப்பும். நின்டென்டோவின் 3டிஎஸ் வாங்கும்போது உஷார், அது எந்த ஊர் மெஷினோ அந்த ஊர் கேமைத்தான் எடுக்கும். பிஎஸ் 2-வும் அதே கதை. நம் ஊர் பிஎஸ் 2-வில் ஜப்பான் டிஸ்க் ஓட வேண்டும் என்றால் பூட்டை ஏமாற்றுகிற சிப் போட வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே சிப் போடாத பிஎஸ் 2-வை நான் பார்த்ததே இல்லை, டிஸ்க்கும் ஐம்பது ரூபாய் காப்பிதான், அது வேறு விஷயம். ஜப்பான் மெஷினையே வரவழைக்கிறீர்கள் என்றால் அங்கே கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கிற மெஷினை, வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ப்ளக்கில் சொருகினால் ஒரு வாசனை வரும், அதோடு கதை முடிந்தது.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்று கேட்பீர்கள். நானும் ஓடிடியில்தான் முக்கால்வாசி பார்க்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே நாம் கொடுப்பது வாடகை. ஃபனிமேஷன் என்ற அனிமே ஓடிடி 2024 ஏப்ரல் 2-ம் தேதி மூடியபோது, டிஸ்க்கோடு கொடுத்த கோட் எண்ணைப் போட்டு டிஜிட்டல் காப்பி சேர்த்து வைத்தவர்களுக்கு அதெல்லாம் க்ரன்ச்சிரோல் என்ற இன்னொரு அனிமே ஓடிடிக்கு மாறி வரவில்லை, போனது போனதுதான். டிஸ்க்கை வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். நின்டென்டோவின் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கேம் மெஷின்களின் இணையக் கடையும் 2023 மார்ச் 27-ல் கடையைக் கட்டியது, அதில் மட்டும் விற்ற கேம்களைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்க இப்போது வழி இல்லை. கொனாமி கம்பெனியின் 'பி.டி.' என்ற திகில் கேம் டெமோ 2015-ல் ப்ளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது, அதன் பிறகு அது இறக்கி வைத்திருந்த மெஷின்களில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

அதற்காகப் பெட்டி கையில் இருந்தால் கேம் கையில் இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. ஸ்விட்ச் 2-வில் கேம் கீ கார்டு என்று ஒன்று வருகிறது. அட்டையின் அடியில் சாவிப் படம் போட்டிருக்கும். உள்ளே கார்டு இருக்கும், கார்டுக்குள் கேம் இருக்காது, நெட்டில்தான் இறக்க வேண்டும். நான் அதை வாங்குவதில்லை. பூட்டும் வீடும் இல்லாமல் சாவியை மட்டும் வாங்கி மாட்டி வைக்க நான் என்ன பைத்தியமா.

இதில் எனக்கு ஒரு தனி வயிற்றெரிச்சல் உண்டு. நாம் சின்ன வயதில் டிவியில் கேட்ட தமிழ்க் குரல்கள், இப்போது ஓடிடியில் வருகிற தமிழ் டப்பிங், 2025-ல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தியேட்டரில் தமிழில் வந்து விசில் பறந்ததே, இதில் எதுவும் என் அலமாரியில் இல்லை. நான் வாங்கிய ஒரு டிஸ்க்கிலும் தமிழ் ஒலி கிடையாது. ஜப்பானியம் பத்திரமாக இருக்கிறது, இங்கிலீஷ் பத்திரமாக இருக்கிறது, நம்முடையது காற்றில் இருக்கிறது.

எங்கே தேடுவது? மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடுவதற்கு முன் காட்பாடியைப் பாருங்கள். நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து படிக்கிற ஊர். கடைசி செமஸ்டர் முடிந்து ரூம் காலி செய்கிற மே மாதத்தில் மெத்தை, சைக்கிள், இண்டக்‌ஷன் அடுப்போடு சேர்த்து பிஎஸ்பி, டிஎஸ், கேம் டிஸ்க் எல்லாம் வாட்ஸாப் க்ரூப்பில் வரும். ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது யாரும் விலை பேச மாட்டார்கள். பீபாப் டிஸ்க்குக்கு விமோசனம் கிடைத்ததும் அப்படித்தான், துபாய்க்குப் போகிற ஒரு பையன் தன் அமெரிக்க பிஎஸ் 3-ஐ விற்றான். அது ஏ பகுதி. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டினேன். முதல் எபிசோடு ஓடும்போது நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "பரவால்ல, பேசுது" என்று சொல்லிவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டார்.

கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது மட்டும் அண்ணன் தம்பியையும் நம்பாதீர்கள். போக்கிமான் என்று எழுதி விற்பதில் போலி ஏராளம். நான் 1,200 ரூபாய் கொடுத்து ஒரு போக்கிமான் எமரால்ட் கேம் வாங்கினேன், சாம்பியனை ஜெயித்து முடித்த அந்த நிமிஷமே சேவ் (அதுவரை ஆடியதன் பதிவு) அழிந்தது, நாற்பது மணி நேரம் போச்சு. அசலின் லேபிளில் உற்றுப் பார்த்தால் இரண்டு இலக்க எண் அழுத்தின தடமாகத் தெரியும். அடியில் தங்க நிறப் பற்களுக்கு மேலே போர்டில் நின்டென்டோ என்று அச்சாகியிருக்கும். போலியில் பெரும்பாலும் இது இரண்டும் இருக்காது, லேபிள் நிறமும் கல்யாண போஸ்டர் மாதிரி அடிக்கும். டிஸ்க்கில் இன்னும் சுலபம், அடிப்பக்கம் ஊதாவாகத் தெரிந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எரித்த (பர்ன் செய்த) காப்பி. பிஎஸ் 1 அசல் டிஸ்க் அடியில் கறுப்பாக இருக்கும்.

ஜப்பானிலிருந்து நேராக வரவழைக்கலாம், அங்கே வாங்கி மொத்தமாகக் கட்டி அனுப்புகிற இடைத்தரகுத் தளங்கள் இருக்கின்றன. ஆனால் கார்ட்ரிட்ஜ் விலையைவிட அனுப்பும் செலவு கூட, போஸ்ட்மேன் வாசலில் சுங்க வரி ரசீதை நீட்டும்போது அம்மா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலைந்து சேர்ந்த பிறகு ஒரே பார்சலாகப் போடுங்கள்.

இப்போது ஷூ கம்பெனிக்கு வருகிறேன். நம் ஊர் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் டிஸ்க் வைக்காதீர்கள் என்பதோடு அது முடிந்தது. நிஜமான எதிரி ஈரம். தோல் ஷூவைக் கப்பலில் அனுப்பினால் பெட்டிக்குள் ஈரம் இருந்தாலே போதும், ஃபங்கஸ் பூத்து மொத்த லாட்டும் திரும்பி வரும், அதனால் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுவது எங்களுக்கு ரத்தத்தில் ஊறினது. அப்படிப்பட்ட நானே வீட்டில் கோட்டை விட்டேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போச்சே, தண்ணீரே இல்லாத ஆறு என்று கிண்டல் செய்தவர்கள் எல்லாம் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தோமே, அந்த மழையில் எங்கள் வடக்குச் சுவர் ஊறிவிட்டது. அலமாரி அந்தச் சுவரை ஒட்டி. டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த சின்னப் புத்தகங்கள், ஜப்பான் கேம் அட்டைப்பெட்டிகள் எல்லாம் பச்சைப் புள்ளி. ஆறு அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டேன். இப்போது அலமாரி சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறது, தட்டுக்குத் தட்டு சிலிக்கா ஜெல். நிறம் மாறுகிற வகையாக வாங்குங்கள், ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடு காட்டிக் காய வைத்தால் திரும்ப உழைக்கும். சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

அம்மா நல்லெண்ணத்தில் அலமாரியில் பாச்சா உருண்டை போட்டு வைத்தார். அதன் ஆவி பழைய சிடி பெட்டிகளின் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கைத் தின்னும். என் மூன்று பிஎஸ் 1 பெட்டிகள் மங்கிப் பிசுபிசுத்துப் போயின. டிவிடி பெட்டிகள் வேறு பிளாஸ்டிக், அவை தப்பித்தன.

கடைசியாக, இவ்வளவு நேரம் ஓடாததை வாங்காதே என்று சொன்ன நான் ஓட விடாமல் வைத்திருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தன் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு கொல்கத்தா தாதா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மூன்று வாரம் காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கியிருந்தார். அவரும் நம்மைப் போல ஆள், க்ரூப்பில் பழக்கம். சாயங்காலம் சாயங்காலம் போய் உட்கார்ந்திருப்பேன். ஊருக்குத் திரும்பும்போது, ரெட்டையாக இருந்த என் டிஎஸ் கார்டு ஒன்றுக்குப் பதிலாக ஜப்பான் போக்கிமான் ரூபி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். 2002-ல் வந்த கேம். போட்டதும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஜப்பானியத்தில் சொன்னது, ஆனால் அதில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், சேவ் தனியாக இருக்கும். இருந்தது. எந்த ஊர்ப் பிள்ளையோ, மூன்று எழுத்துப் பெயர், 214 மணி நேரம்.

அந்த கேமில் சேவ் இடம் ஒன்றுதான். நான் புது ஆட்டம் ஆடி சேவ் செய்தால் அந்தப் பிள்ளையுடையது போய்விடும். அதனால் எனக்கென்று வேறு ஒரு ரூபி வாங்கிக்கொண்டேன். இதை மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன், நாலடி நடப்பேன், சேவ் செய்யாமல் அணைப்பேன். கடிகாரம் நின்றுவிட்டதால் கேமுக்குள் அவன் நட்ட பெர்ரிச் செடிகள் வளராமல் அப்படியே நிற்கின்றன. சிஆர்1616 பேட்டரி, தகடு வைத்தது, வாங்கி வைத்திருக்கிறேன், செல்போன் ரிப்பேர் கடையில் பத்து நிமிஷ வேலை. இன்னும் கொண்டு போகவில்லை.